28-ஆவது வாரம்: நான் அழுவது குழந்தையின் மூளையைப் பாதிக்குமா?

பவானிக்கரை எழுதியது:

வணக்கம். இங்கே நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. இப்போது மணி இரவு இரண்டே முக்கால். பத்து நாளாக இந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

எனக்கு 29 வயது. இரண்டாவது குழந்தை, 28 வாரம். மூத்தவனுக்கு நான்கு வயது. பவானியில் ஒரு ஜமக்காள மொத்தக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் டையிங் யூனிட்டில் வேலை, வாரத்துக்கு நான்கு நாள் நைட் ஷிப்ட். வீட்டில் நான், பையன், அத்தை.

மூத்தவன் பிறந்த பிறகு எனக்கு டிப்ரஷன் வந்தது. அதற்குச் செர்ட்ராலின் மாத்திரை சாப்பிட்டுவந்தேன், நன்றாகத்தான் இருந்தேன். இந்த முறை நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் மருந்துக்கடையில் கேட்டேன். "மாசமா இருக்கும்போது இதெல்லாம் போடலாமாம்மா?" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்றே நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் கேட்கவில்லை, தப்புதான்.

ஐந்தாம் மாதத்திலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. குழந்தை உதைக்கிறது, ஸ்கேனில் எல்லாம் நார்மல். ஆனால் மூத்தவன் உதைத்தபோது வந்த அந்தச் சிலிர்ப்பு இப்போது இல்லை. பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவதைப் போல இருக்கிறது.

இந்த நிலைமையில் போன வாரம் ஒரு ரீல்ஸ் பார்த்துத் தொலைத்தேன். கர்ப்பிணி அழுதால் கார்ட்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் நேராகக் குழந்தைக்குப் போகுமாம், மூளை சுருங்குமாம், அந்தக் குழந்தைக்கு ஆயுசு முழுக்க மனநோயாம். பின்னால் வீணை இசை வேறு. அதிலிருந்து அழுகை வந்தால் கடிகாரத்தைப் பார்க்கிறேன். கடையில் பழகிய புத்தி போகுமா, டைரியில் எழுதியும் வைக்கிறேன். திங்கள் 40 நிமிஷம். செவ்வாய் 25. நேற்று இரண்டு தடவையாக ஒரு மணி பத்து நிமிஷம்.

அந்த ரீல்ஸில் சொன்னது உண்மையா? உண்மை என்றால், ஏற்கெனவே ஆனதைத் திருப்ப முடியுமா? படித்தவர்கள் யாராவது நேராகச் சொல்லுங்கள். "கவலைப்படாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது என்னால் முடிந்தால் இங்கே ஏன் எழுதப்போகிறேன்.

---

தாராபுரத்துச் செல்வி எழுதியது:

கண்ணு, பிள்ளைத்தாச்சி அழக்கூடாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. காலையில் சாமி பாட்டுப் போட்டுக் கேள், சாயங்காலம் கோயிலுக்கு ஒரு நடை போய் வா. மூத்த பையனோடு விளையாடு. எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்றுக்கும் நான் அழவே இல்லை. எல்லாம் சரியாகிவிடும்.

---

ஐஸ்பெட்டி எழுதியது:

செல்வி அக்கா, மூன்று தடவையும் அழாமல் இருந்தது உங்களுக்கு வாய்த்தது. எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பவானிக்கரை கோயிலுக்குப் போகட்டும், நல்லதுதான். ஆனால் மாத்திரையை நிறுத்திய பிறகு திரும்பிய நோய்க்குச் சாமி பாட்டு மட்டும் போதாது.

பவானிக்கரை, முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். செத்துவிடலாம், உடம்பைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்று எண்ணம் வருகிறதா? வருகிறது என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். அத்தையை எழுப்புங்கள், 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் டெலிமானஸ் எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இல்லையென்றால் மேலே படியுங்கள். நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

என்னைப் பற்றி: நான் டாக்டர் இல்லை. பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டுச் சிங்கப்பூரில் ஒரு ஆய்வகத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். என் வேலை நஞ்சுக்கொடி. பிரசவ வார்டிலிருந்து போன் வரும், ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். நேரம் ஆக ஆகத் திசு கெட ஆரம்பித்துவிடும். சாப்பாட்டுத் தட்டு அகலம், அரைக் கிலோ எடை. தாயின் பக்கம் பச்சை ஈரல் மாதிரி கட்டிகட்டியாக இருக்கும். திருப்பினால் குழந்தையின் பக்கம், வழவழவென்று, கொடி ஒட்டிய இடத்திலிருந்து ஆலமர வேர் மாதிரி ரத்தக்குழாய்கள் பரவியிருக்கும். ஒரே இடத்தில் எடுத்தால் அளவு ஏமாற்றிவிடும் என்பதால் நான்கைந்து இடங்களில் பட்டாணி அளவுக்கு வெட்டி, ரத்தம் போகக் குளிர்ந்த உப்புநீரில் அலசி, திரவ நைட்ரஜனில் போடுவோம். சொய்ங் என்று தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் வரும். கல்லாகிவிடும். அப்புறம் மைனஸ் 80 டிகிரிப் பெட்டிக்குள்.

நம் ஊரில் அதற்கு நஞ்சு என்று பெயர். "நஞ்சு விழுந்துடுச்சா?" என்றுதான் என் ஆத்தா கேட்பாள். பேர் வைத்தவர் யாரோ, அது செய்யும் வேலைக்கு நேர் எதிராக வைத்துவிட்டார்.

அந்த ரீல்ஸ் சொல்லும் "நேராகக் குழந்தைக்குப் போகும்" என்பது இங்கேதான் அடிபடுகிறது. நஞ்சுக்கொடியில் ஒரு நொதி இருக்கிறது. 11-பீட்டா-எச்எஸ்டி-2 என்று வாயில் நுழையாத பெயர். தாயின் ரத்தத்தில் வரும் கார்ட்டிசாலைப் பிடித்து, வேலை செய்யாத கார்ட்டிசோனாக மாற்றி அனுப்புவது அதன் தொழில். பெரும்பகுதியை மாற்றிவிடும். பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான் அப்படியே கடந்து போகும். தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்தில் கார்ட்டிசால் பல மடங்கு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்டுக்கு வாட்ச்மேன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஆராய்ச்சிக்காரர்கள் எதற்குக் கவலைப்படுகிறார்கள்? நீண்ட நாள் கடுமையான பதற்றம் இருந்த தாய்மாரிடம் இந்த நொதி குறைவாக இருந்ததை லண்டன் குழு ஒன்று பார்த்தது. வாட்ச்மேன் கொஞ்சம் அசந்துவிடுகிறார். ஒரு நாள் அழுகைக்கு அசரமாட்டார். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போவதைத்தான் பார்க்க வேண்டும்.

(இடையில் ஒன்று. இந்த நொதியை அடக்கும் பொருள் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிப் பக்கத்திலேயே இருக்கிறது: அதிமதுரம். அதில் உள்ள கிளிசிரைசின்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஃபின்லாந்தில் அதிமதுர மிட்டாய் என்றால் உயிர். அங்கே 1998-இல் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து, கர்ப்பத்தில் அதை நிறையத் தின்றவர்களின் பிள்ளைகள் சில அறிவுத்திறன் தேர்வுகளில் பின்தங்கியதைக் கண்டார்கள். நிறைய என்றால் வாரத்துக்கு 500 மில்லிகிராம் கிளிசிரைசினுக்கு மேல். கர்ப்பிணிகள் அதிகம் தின்ன வேண்டாம் என்று அந்த நாட்டு அரசே சொல்கிறது. இருமலுக்கு என்றைக்கோ ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டவர்கள் பதற வேண்டாம். தினமும் அதிமதுரக் கஷாயம் குடிப்பவர்கள் நிறுத்திவிடலாம்.)

அடுத்தது "மூளை சுருங்கும்". சிங்கப்பூரில் கஸ்டோ என்று ஓர் ஆய்வு 2009-இல் தொடங்கியது. கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் உண்டு. அந்த இந்தியர்களில் நம்மவர்கள் இருந்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 26-ஆவது வாரத்தில் பத்துக் கேள்வி கொண்ட தாளைக் கொடுத்து மனநிலையை மதிப்பிட்டார்கள். குழந்தை பிறந்த இரண்டு வாரத்துக்குள் எம்ஆர்ஐ. மயக்க மருந்து இல்லாமல், பால் கொடுத்துத் தூங்கவைத்து எடுப்பதுதான். 157 குழந்தைகளின் முடிவு 2013-இல் வெளிவந்தது. பயம், பதற்றம் இவற்றோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியைப் பார்த்தார்கள். மனச்சோர்வு அதிகம் இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு அதன் அளவில் வித்தியாசம் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், அளவில் வித்தியாசம் இல்லை. வலது பக்க அமிக்டலாவின் உள்ளமைப்பில், தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்று பார்க்கும் ஒரு நுண்ணிய அளவீட்டில்தான் வேறுபாடு தெரிந்தது. அதை வைத்து ஒரு குழந்தைக்கு நாளை இன்னதுதான் ஆகும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரீல்ஸ் போட்டவர் சொல்லிவிட்டார்.

கனடாவின் வான்கூவரில் 2008-இல் வந்த இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதையும் யாராவது வீணை இசையோடு அனுப்புவார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாய்க்குச் சோர்வு இருந்தால், தொப்புள்கொடி ரத்தத்தில் கார்ட்டிசாலை உணரும் மரபணுவின்மேல் ஒரு வேதிக் குறி கூடுதலாக இருந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. எவ்வளவு சத்தமாக வாசிக்க வேண்டும் என்று ஓரத்தில் போட்ட பென்சில் குறி மாதிரி. மூன்று மாத வயதில் அந்தக் குழந்தைகளின் எச்சிலில் பார்த்தபோது கார்ட்டிசால் கொஞ்சம் வேகமாக ஏறியது. அவ்வளவு.

ஆக, தொடர்பே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். தொடர்பு இருக்கிறது, எத்தனை பேருக்கு என்பதைப் பாருங்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் 1991, 92-இல் சுமார் பதினாலாயிரம் கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு இன்னும் நடக்கிறது. அதில் கர்ப்பத்தில் மிக அதிகமான பதற்றம் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு நான்கு வயதில் நடத்தை, உணர்ச்சிச் சிக்கல்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேட்டாலே திக்கென்கிறது, இல்லையா? நீங்கள் கணக்கு எழுதுகிறவர், நீங்களே போட்டுப் பாருங்கள். நூற்றில் ஐந்தாறு என்பது பத்துப் பன்னிரண்டு ஆனது. மிச்சம் கிட்டத்தட்டத் தொண்ணூறு பிள்ளைகள் எந்த வில்லங்கமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

டைரியை மூடுங்கள். நான் பார்த்த எந்த ஆய்விலும் யாரும் அழுத நிமிஷத்தை அளந்ததில்லை. அழுகை நோயில்லை. சாப்பிட முடியாததும், இரண்டே முக்காலுக்கு விழிப்பதும், உதை கதவுத் தட்டலாகத் தெரிவதும்தான் நோய். அதற்கு வைத்தியம் உண்டு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், படித்து மட்டும் இல்லை. என் இரண்டாவது மகள் வயிற்றில் இருந்தபோது ஏழு மாதம் நானே இப்படிக் கிடந்தேன். காலையில் அந்த நொதியை அளப்பேன், மதியம் ஆய்வகக் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். அளக்கிற எனக்கே டாக்டரிடம் போக எட்டு வாரம் பிடித்தது.

---

பவானிக்கரை எழுதியது:

அக்கா, அக்கா என்றே கூப்பிடுகிறேன். முழுவதும் இரண்டு தடவை படித்தேன். செத்துவிடலாம் என்ற எண்ணம் இல்லை. காணாமல் போய்விடலாம் போல இருக்கும், ஒரு வாரம் யாரும் கூப்பிடாத இடத்தில் தூங்க வேண்டும் என்று. அது அதில் சேருமா?

இன்னும் மூன்று கேள்வி. ஈரோட்டில் ஒரு லேபில் "ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பேக்கேஜ்" என்று 2,400 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். கார்ட்டிசால் எடுத்துப் பார்க்கட்டுமா? இரண்டாவது, இது என் ரத்தத்திலேயே இருக்கிற விஷயமா? என் அம்மாவும் இப்படித்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அப்படியானால் நான் என்ன செய்தாலும் பிள்ளைக்கு வரத்தானே வரும்? மூன்றாவது முன்பே கேட்டதுதான். ஆனது ஆனதுதானா?

---

ஐஸ்பெட்டி எழுதியது:

காணாமல் போக வேண்டும் என்ற எண்ணத்தையும் டாக்டரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். சுருக்காதீர்கள்.

2,400 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். கர்ப்பத்தில் எல்லோருக்குமே கார்ட்டிசால் ஏறும். கடைசி மாதங்களில் இரண்டு மூன்று மடங்கு ஆவது இயல்பு. ஏற்றுவதே அந்த நஞ்சுக்கொடிதான், அதற்கான ஹார்மோனைத் தானே சுரக்கிறது. எனவே ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வருவது ஏறக்குறைய நிச்சயம், நீங்கள் இன்னும் இரண்டு நாள் தூங்கமாட்டீர்கள். இன்னொரு வேடிக்கை: மனச்சோர்வு உள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கார்ட்டிசால் அதிகமாக இருப்பதும் இல்லை. பல ஆய்வுகளில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால்தான் இப்போது உடம்பின் அழற்சி, தூக்கம், சாப்பாடு என்று வேறு வழிகளையும் தேடுகிறார்கள். நம் ஊரில் சாப்பாட்டு வழியை நான் முதலில் பார்ப்பேன். சோர்ந்து கிடப்பவள் இரும்புச்சத்து மாத்திரை போடமாட்டாள், செக்கப்பைத் தள்ளிப்போடுவாள். குழந்தையைப் பாதிக்க அது போதாதா?

ரத்தத்தில் வருவதா என்பது நல்ல கேள்வி. பிரிட்டனின் கார்டிஃபில் இதைப் பிரித்துப் பார்க்க ஒரு கெட்டிக்கார வழி கண்டுபிடித்தார்கள். சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்த தாய்மாரை எடுத்துக்கொண்டார்கள். சிலர் தங்கள் கருமுட்டையில், சிலர் வேறொருவர் தந்த கருமுட்டையில். இரண்டாம் வகையில் தாய்க்கும் குழந்தைக்கும் மரபணு உறவு இல்லை, வயிறு மட்டும்தான் உறவு. 2010-இல் வந்த முடிவு கலவையாக இருந்தது. கர்ப்பகால மன அழுத்தத்துக்கும் பிறப்பு எடை குறைவுக்கும் உள்ள தொடர்பு இரண்டு வகையிலும் தெரிந்தது, அதாவது அது வயிற்று வழி. கவனக்குறைவு, துறுதுறுப்புச் சிக்கலின் தொடர்பு சொந்தக் கருமுட்டை உள்ளவர்களிடம் மட்டும்தான், அதாவது மரபணு வழி. குழந்தையின் பதற்றம் பெரும்பாலும் பிறந்த பிறகு தாய் எப்படி இருந்தாள் என்பதோடு சேர்ந்து வந்தது. உங்கள் அம்மாவிடமிருந்து வந்தது ஒரு பங்கு இருக்கலாம். முழுப் பங்கும் இல்லை. உங்கள் அம்மாவுக்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனது ஆனதுதானா என்றால், இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு இங்கிலாந்தின் விரால் பகுதியில் நடந்தது, 2012-இல் வெளிவந்தது. கர்ப்பத்தில் சோர்வாக இருந்த தாய்மாரிடம், பிறந்த முதல் சில வாரங்களில் குழந்தையின் முதுகையும் கைகாலையும் எவ்வளவு அடிக்கடி தடவிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பெரிய சிகிச்சை ஒன்றும் இல்லை, சும்மா தடவுவது. நிறையத் தடவிய தாய்மாரின் குழந்தைகளிடம், கர்ப்பகாலச் சோர்வுக்கும் பிற்பாடு குழந்தை மிரள்வதற்கும் இருந்த தொடர்பு மங்கிவிட்டது. லண்டனில் பனிக்குட நீரில் கார்ட்டிசாலை அளந்த இன்னொரு ஆய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. கார்ட்டிசால் அதிகம் இருந்தாலும், தாயோடு நல்ல ஒட்டுதல் அமைந்த குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் அதன் தடயம் தெரியவில்லை.

இதைப் படித்த அன்று என் ஆத்தா ஞாபகம் வந்தது. திருவானைக்காவல் வீட்டுப் பின்கட்டில், இரண்டு காலையும் நீட்டி, பேத்தியைக் குப்புறப் போட்டு, வெதுவெதுப்பான எண்ணெயில் முதுகிலிருந்து குதிகால் வரை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் திண்ணையில் பிணம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். "நீயும் ஒரு காலைப் பிடிடி" என்றாள். பிடித்தேன். முதல் பத்து நாள் ஒன்றும் தோன்றவில்லை, சப்பாத்தி மாவு பிசைவது போலத்தான் இருந்தது. இருந்தும் செய்தேன். பாசம் வந்தபிறகு தடவலாம் என்று காத்திருக்க வேண்டாம், இது என் சொந்த அனுபவம், ஆய்வு இல்லை. (மூக்கில் எண்ணெய் விடுவது, தொண்டையில் விரல் விட்டு எடுப்பது இதெல்லாம் மட்டும் வேண்டாம்.)

---

லேபர் வார்டு எழுதியது:

நான் மகப்பேறு மருத்துவர். மேலே எழுதியவர் அறிவியலை நன்றாகவே சொல்லியிருக்கிறார். மாத்திரை பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கர்ப்பத்தில் செர்ட்ராலின் கூடாது என்பது தவறு. பால் கொடுக்கும் காலத்திலும், கர்ப்பத்திலும் நாங்கள் முதலில் தேர்ந்தெடுக்கும் மருந்துகளில் அது ஒன்று. அதே வகையில் பராக்சிடினை முதல் மூன்று மாதத்தில் பொதுவாகத் தவிர்ப்போம். வால்ப்ரோவேட் கண்டிப்பாக வேண்டாம், ஆனால் அது வேறு நோய்க்கான மருந்து. மருந்துக்கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, அவரிடம் கேட்டிருக்கவும் வேண்டியதில்லை.

2006-இல் அமெரிக்காவில் 201 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் 68 சதவீதம். உங்களுக்கு நடந்தது இதுதான். உங்கள் மன உறுதிக் குறைவு இல்லை.

அதற்காகப் பழைய அட்டையைத் தேடி எடுத்து நீங்களே ஆரம்பிக்காதீர்கள். மனநல மருத்துவர் பார்த்து, அளவு முடிவு செய்யட்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, பணம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் மகப்பேறு டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். கடைசி மாதங்களில் இந்த மருந்து எடுத்தால் சில குழந்தைகள் பிறந்ததும் இரண்டு மூன்று நாள் நடுங்கும், சிணுங்கும், பால் குடிக்க அடம்பிடிக்கும். பெரும்பாலும் தானே சரியாகும். குழந்தையைக் கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்தில் பிரசவம் பார்த்தால் போதும்.

கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதில் எது குறைந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும், பார்ப்பதற்கு டிப்ரஷன் மாதிரியே இருக்கும். ஸ்ட்ரெஸ் பேக்கேஜைவிட மலிவு.

மருந்து வேண்டாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கக் கிராமங்களில், நம் ஊர் ஆஷா பணியாளர் மாதிரியான பெண்களுக்குப் பேச்சுமுறை சிகிச்சையில் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி மாதத்தில் தொடங்கி மொத்தம் பதினாறு தடவை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அவர்களில் 23 சதவீதம் பேருக்கே சோர்வு மிச்சம். சாதாரண வீட்டு வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம். அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் குறைந்தது, தடுப்பூசி ஒழுங்காகப் போட்டார்கள். மனநல டாக்டர் யாரும் அந்த வீடுகளுக்குப் போகவில்லை.

---

நைட்ஷிப்ட் அப்பா எழுதியது:

நான் ஆண், இங்கே எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு இப்படி இருந்தபோது, "உனக்கு என்ன குறை?" என்று தினமும் கேட்டேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. ஒரு நாள் அவள் பதிலே சொல்லாமல் அரிசியை மூன்று தடவை களைந்துகொண்டே இருந்தாள். அன்றைக்குத்தான் உறைத்தது.

உங்கள் வீட்டுக்காரர் இரவில் வேலைக்குப் போகிறவர் என்பதால் சொல்கிறேன். அவரிடம் வாயால் சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் முதலில் எழுதியதை அப்படியே வாட்ஸப்பில் அனுப்புங்கள். ஷிப்ட் இடைவேளையில் டீ குடிக்கும்போது படிப்பார். நேரில் கேட்டால் நாங்கள் உடனே தீர்வு சொல்ல ஆரம்பித்துவிடுவோம். படித்தால் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்.

---

பவானிக்கரை எழுதியது:

பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நைட்ஷிப்ட் அப்பா சொன்ன மாதிரியே அனுப்பினேன். இரவு 1.20-க்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் ஏதும் வரவில்லை. காலையில் வந்தவர் சட்டையைக் கூட மாற்றாமல், "எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை போனோம். பத்துக் கேள்வித் தாளைத் தமிழிலேயே கொடுத்தார்கள். போன ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. எனக்கு 19. காணாமல் போவதைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். செர்ட்ராலின் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள், வாரம் ஒரு முறை பேச வரச் சொன்னார்கள். ஹீமோகுளோபின் 8.6 இருந்தது, அதற்கும் ஊசி போடுகிறார்கள். தைராய்டு சரியாக இருக்கிறது.

அத்தையிடம் என்ன சொல்வது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். ரத்தம் குறைவு என்று பாதி உண்மையைச் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிராமலேயே, "ரத்தத்துக்கு எதுக்குத் தூங்குற மாத்திரை?" என்றார். அட்டையைப் பார்த்துவிட்டிருக்கிறார். தூக்க மாத்திரை இல்லை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே ஒரு கொத்து முழுக்க உருவினார். அப்புறம், "இவன் வயித்துல இருந்தப்ப நானும் ரெண்டு மாசம் யார்கிட்டயும் பேசாம கெடந்தேன். பேய் புடிச்சிருச்சுன்னு வேப்பிலை அடிச்சாங்க" என்றார். கல்யாணமாகி ஆறு வருடம், இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இரவு விழிப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் நான்கரைக்கு. அந்த நேரத்தில் பால் வண்டி வரும், எழுந்து வாங்கிவிடலாம். உதை இன்னமும் பக்கத்து வீட்டுக் கதவுதான். மாத்திரை பிடிக்க இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். டைரியில் அழுகைக் கணக்கை நிறுத்திவிட்டேன், அதே பக்கத்தில் இரும்பு ஊசித் தேதி எழுதியிருக்கிறேன்.

ஐஸ்பெட்டி அக்காவுக்கு ஒரு கேள்வி. அத்தை வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குச் சுக்கு, மிளகு, அதிமதுரம் தட்டிப்போட்டுக் கஷாயம் வைப்பதாக இருக்கிறார். நான் குடிக்காவிட்டால் ஒரு மாதிரி நினைப்பார்கள். ஒரு டம்ளர் பரவாயில்லையா?

---

ஐஸ்பெட்டி எழுதியது:

ஒரு டம்ளரால் ஒன்றும் ஆகாது. ஆனால் இவ்வளவு சொன்ன அத்தையிடம் இதையும் சொல்லிப் பாருங்களேன், உங்களுக்கு மட்டும் அதிமதுரம் போடாமல் தனியாக வைத்துவிடுவார்.